மழலைச் செவிக்கு ஏட்டுத்தமிழ்!

திருப்பரங்குன்றத்திற்குச் செல்வோர் இன்று குன்றைக் காண்பர். குடைந்தெடுத்த கோயிலைக் காண்பர். சரவணப் பொய்கையைக் காண்பர். கடைக்கழகக் காலத்தில் அங்குச் சென்றோர் வேறொன்றையும் கண்டனர். அஃது ஓவியந் தீட்டப்பெற்ற ஓர் அம்பலம். பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டில் நப்பண்ணனார் அதனை அழகுறக் காட்டுகின்றார். வான்கோள்களின் நிலை, காமனும் இரதியும், அகலிகையின் கதை என அங்கே பல ஓவியங்கள். குன்றம் ஏறி வந்த மக்கள் ஒவ்வொன்றாகச் சுட்டி, இஃது என்ன, இவர் யாவர் என வினவுகின்றனர். அறிந்தோர் இன்னது இதுவென எடுத்துரைக்கின்றனர். அக்காலத் தமிழில் ஓவியத்திற்கும் எழுத்து என்பதே பெயர் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். சுட்டுதல், வினவுதல், எடுத்துரைத்தல் என்னும் மூன்றும் அந்த அம்பலத்தில் ஒருங்கே நிகழ்ந்தன.

ஒரு தாய் தன் குழந்தையை மடியில் இருத்திப் படநூல் ஒன்றை விரித்துப் படித்துக் காட்டும்பொழுதும் நிகழ்வது இதுவே. பிஞ்சு விரல் யானையைச் சுட்டும்; தாய் அதன் பெயரைச் சொல்வாள். யானை ஏன் அழுகிறது என்று குழந்தை கேட்கும். தாய் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் படிப்பாள். எளிய செயல்தான், ஆயினும் ஓர் இனத்தின் எழுத்தறிவு பிறக்கும் இடம் அதுவே. தமிழ்நாட்டின் மிகப் பெரும்பாலான வீடுகளில் இன்று நிகழாதிருப்பதும் அதுவே.

மதுரைப் பக்கத்து மண்ணுக்கு எழுத்து புதியதன்று. பரங்குன்றத்துக் குகையில் சமணத் துறவியர்க்கெனக் கல்லில் வெட்டிய படுக்கைகளின் அருகே ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடைய தமிழி எழுத்துகள் இன்றும் உள்ளன. வைகைக் கரையின் கீழடியில் 2015ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் ஆதன், குவிரன் முதலான பெயர்கள் கீறிய பானையோடுகள் கிடைத்துள்ளன. அவை பானை சுட்டபின் வெவ்வேறு கைகள் கீறியவை. ஆதலின் வேட்கோவர் மட்டுமே எழுதியவை அல்ல, பானையை ஆண்ட பொதுமக்களே எழுதியவை என்பது ஆய்வாளர் கருத்து. சோறாக்கும் பானையில் தன் பெயரைத் தானே எழுதிய குடிமக்கள் வாழ்ந்த நிலம் இது.

அந்நிலத்தின் பிள்ளைகள் இன்று எந்நிலையில் உள்ளனர்? பிரதம் என்னும் கல்வியமைப்பு நாடெங்கும் ஊரக வீடுகளுக்குச் சென்று பிள்ளைகளின் படிப்புத் திறனை அளந்து வருகின்றது. 2018ஆம் ஆண்டு தமிழ்நாட்டு ஊரகங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படிக்க வல்லோர் ஏறத்தாழப் பத்து விழுக்காட்டினரே. பெருந்தொற்றால் பள்ளிகள் பூட்டிக் கிடந்த பின்னர், 2022ஆம் ஆண்டு, அதுவும் குறைந்தது. 2024ஆம் ஆண்டு சற்றே தேறியது. இவ்வாறு அளக்கும் முறைபற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், பத்தில் ஒன்று என்பது பத்தில் இரண்டேயாயினும் பெருமை கொள்ளத்தக்கதன்று. தாய்மொழியில் எழுதிய ஒரு பத்தியைப் படிக்கவியலாமல் எட்டகவைப் பிள்ளை திணறி நிற்பது தமிழர்க்கு இழுக்கன்றோ?

இந்நிலைக்குப் பலரும் பலவாறு கரணியம் கூறுவர். ஆசிரியரைப் பழிப்போர் உளர். அரசைப் பழிப்போர் உளர். கைப்பேசியைப் பழிப்போர் உளர். ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். எனினும் இவற்றினும் முற்பட்ட கரணியம் ஒன்று உண்டு. அதனைப் பேசுவார் அரியர்.

பரங்குன்றத்துத் தெருவில் வளரும் குழந்தை ஐந்து ஆண்டுகள் கேட்டு வளர்வது பேச்சுத்தமிழ். அங்கே ‘வந்தாய்ங்க’ என்பார்கள். ‘அங்கிட்டு’, ‘இங்கிட்டு’ என்பார்கள். பழம் ‘பளம்’ ஆகும். தாயின் வாயிலிருந்து வரும் அத்தமிழில் குழந்தைக்கு உயிர்ப்பு உண்டு. அதனை இழிவென்று எள்ளுதல் அறியாமை. ஆனால் அக்குழந்தை பள்ளிக்குச் சென்று நூலைத் திறக்கும்பொழுது அங்கே இருப்பது ‘வந்தார்கள்’. ‘அங்கிட்டு’ இருந்த இடத்தில் ‘அப்பக்கம்’ நிற்கின்றது. ஐந்தாண்டு முழுவதும் காதில் விழாத வினைமுற்றும் வேற்றுமையுருபும் சொற்றொடரமைப்பும் ஒரே நாளில் கண்முன் வந்து நிற்கின்றன. எழுத்தையும் புதிதாகக் கற்கவேண்டும். எழுத்தில் உள்ள மொழியையும் புதிதாகக் கற்கவேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு சுமைகள்! எழுத்தைக் கூட்டிக் கூட்டி ‘வந்-தார்-கள்’ என்று ஒலித்து முடித்த பின்னும் அச்சொல் அதன் உள்ளத்தில் எதனையும் தட்டி எழுப்புவதில்லை. முன்பு கேட்டிருந்தாலன்றோ அறிந்துகொள்ளும்?

எழுத்தும் ஒலியும் பொருந்தும் முறையிலும் இச்சிக்கல் உண்டு. தமிழில் ககரம் ஒன்றே. ஆனால் ‘கல்’ என்பதில் ஓர் ஒலி, ‘தங்கம்’ என்பதில் ஓர் ஒலி, ‘பகல்’ என்பதில் ஓர் ஒலி. இடம்நோக்கி ஒலிக்கும் இவ்வியல்பு தமிழ் நெடுங்கணக்கின் சிக்கனமும் அழகும் ஆகும். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் நெட்டுருச் செய்வதால் மட்டும் இது கைவராது. ஏட்டுத்தமிழ் ஒலிக்கக் கேட்டுக் கேட்டுப் பழகிய செவிக்கு இது தானே வரும். ழகரமும் அவ்வாறே. பன்னீரகவையில் நாவைத் திருத்தப் படும் பாட்டை மூவகவையில் செவி தானே தீர்த்துவிடும்.

இது தமிழர்க்கு மட்டும் உரிய சிக்கலன்று. அரபு மொழிக்கும் இத்தகைய இரட்டை வழக்கு உண்டு. வீட்டில் பேசும் அரபு வேறு. நூலில் எழுதும் அரபு வேறு. மழலையர்க்கு இலக்கிய அரபு விளங்காது, அது பெருஞ்சுமை என்னும் எண்ணமே அங்கும் பரவியிருந்தது. இசுரேல் நாட்டில் அரபுக் குழந்தைகள் பயிலும் மழலையர் பள்ளிகளில் ஆய்வாளர் பெய்ட்டெல்சனும் அவர்தம் குழுவினரும் இதனை ஆய்ந்து பார்த்தனர். ஆசிரியர்கள் ஐந்து திங்கள் நாள்தோறும் இலக்கிய அரபில் அமைந்த கதைகளைக் குழந்தைகட்குப் படித்துக் காட்டினர். அதன்பின், அவ்வாறு கேளாத குழந்தைகளைவிடக் கேட்ட குழந்தைகள் இலக்கிய நடையை நன்கு விளங்கிக் கொண்டனர். படங்களைப் பார்த்துத் தாமே கதை சொல்லும் திறத்திலும் விஞ்சி நின்றனர். 1993ஆம் ஆண்டு வெளிவந்த இவ்வாய்வு தமிழர் ஒவ்வொருவரும் கருத்திற் கொள்ளத்தக்கது. சுமை என்று கருதி விலக்கியதே சுமையை இறக்கும் வழியாயிற்று!

படித்துக் காட்டும் முறைபற்றியும் ஓர் ஆய்வு உண்டு. 1988ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலறிஞர் ஒயிட்கர்சுட்டும் அவர் குழுவினரும் ஈரகவை, மூவகவைக் குழந்தைகளின் பெற்றோர் சிலர்க்கு ஒரு சிறு பயிற்சி தந்தனர். படித்துக்கொண்டே செல்லாமல் நிறுத்தி வினவுதல், குழந்தை சொன்ன ஒற்றைச் சொல்லை முழுத் தொடராக விரித்துரைத்தல், குழந்தையே கதை சொல்ல இடந்தருதல் என்பனவே அப்பயிற்சி. ஒரு திங்களுக்குப் பின் அளந்தபொழுது, வழக்கம்போல் படித்துக் காட்டிய வீட்டுக் குழந்தைகளைவிட இக்குழந்தைகள் பேச்சாற்றலில் பல திங்கள் முந்தி நின்றனர். சுட்டுதல், வினவுதல், எடுத்துரைத்தல்! பரங்குன்றத்து அம்பலத்தில் பழந்தமிழர் செய்ததையே அமெரிக்கர் ஆய்ந்து நிறுவினர்.

1985ஆம் ஆண்டு அந்நாட்டுப் படிப்பு ஆணையத்தின் அறிக்கை, படிப்பறிவுக்கு அடித்தளம் அமைக்கும் செயல்களுள் குழந்தைகட்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுதலே தலையாயது என்று உரைத்தது. 1989ஆம் ஆண்டு பாசுடன் நகர மருத்துவமனையில் குழந்தை மருத்துவர்கள் மருந்தொடு நூலையும் கையில் தந்து, வீட்டில் படித்துக் காட்டுமாறு தாய்மார்க்கு அறிவுரை கூறத் தொடங்கினர். 2014ஆம் ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், பிறந்த நாள்தொட்டே படித்துக் காட்டுக என்று பெற்றோர்க்கு அறிவுறுத்துமாறு தன் உறுப்பினரைக் கேட்டுக்கொண்டது. பிற நாட்டார் தடுப்பூசிக்கு இணையாக நூலை மதிக்கின்றனர் என்பதே இதன் பொருள்.

தமிழர்க்கு இது பிறரிடம் கடன்பெற வேண்டிய கருத்தன்று. திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய இரண்டையும் அடுத்து வருவது கேள்வி என்னும் அதிகாரம். அறிவுடைமை அதன் பின்னரே வருகின்றது. எழுத்து அறியாதவனும் செவியால் அறிவு பெறலாம் என்பது வள்ளுவர் உள்ளம். ஐம்பது அறுபது ஆண்டுகட்கு முன்பு வரை மதுரைப் பக்கத்துத் திண்ணைகளில் எழுத்தறிந்த ஒருவர் விளக்கடியில் அமர்ந்து ‘பெரிய எழுத்து’ நூல்களை இசையோடு படிக்க, தெருவே கூடிக் கேட்கும். மதுரையை ஆண்டதாகக் கூறப்படும் அல்லியின் கதையும், நல்லதங்காள் கதையும் அவ்வாறே மக்கள் உள்ளத்தில் இறங்கின. அக்கதைகளில் ஏற்கத்தகாத கருத்துகளும் உண்டு. ஆனால் அவற்றைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளின் செவிக்கு ஏட்டுத்தமிழ் அயல்மொழியாய் இருந்ததில்லை. திண்ணை மறைந்தது, படிப்பவர் குரலும் மறைந்தது. அவ்விடத்தைத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் பற்றிக்கொண்டன. அவை பேசும் கலப்பு மொழியே இன்றைய மழலையின் முதற்பாடம்.

அரசு சில முயற்சிகளை மேற்கொண்டுள்ளது. அவற்றை மறைத்தல் முறையன்று. 2021இல் இல்லம் தேடிக் கல்வி, 2022இல் எண்ணும் எழுத்தும், 2023இல் வாசிப்பு இயக்கம் என அடுத்தடுத்துத் திட்டங்கள் வந்தன. வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கட்கு நுழை, நட, ஓடு, பற எனத் தனித்தமிழிலேயே படிநிலைப் பெயர்கள் சூட்டியிருப்பது பாராட்டத்தக்கது. 2023 சூலையில் மதுரையில் திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகட்கெனத் தனிப்பகுதியும் உண்டு. ஆயினும் இத்திட்டங்கள் பிள்ளை பள்ளிக்கு வந்த பின்னரே அதன் கையைப் பற்றுகின்றன. அதற்கு முற்பட்ட ஐந்தாண்டுகள்? அவ்வகவைக்கென அரசு செய்தது என்ன? 2019ஆம் ஆண்டு 2381 குழந்தைகள் நடுவங்களில் மழலையர் வகுப்புகளைத் தொடங்கியது. அவற்றிற்கு ஆங்கில முதலெழுத்துகளையே பெயராகவும் சூட்டியது. தமிழே இன்னும் காதில் நிரம்பாத குழந்தையை ஆங்கில எழுத்தின் வாயிலில் நிறுத்துவது வேரில்லாச் செடிக்குப் பந்தல் போடுவதாகும்.

அரசைக் குறைகூறுதல் எளிது. தமிழுணர்வாளர் தம் வீட்டையும் சற்றே நோக்குதல் வேண்டும். பாவாணர் நூல்கள் அடுக்கடுக்காய் இருக்கும் வீட்டில் மூவகவைக் குழந்தைக்கென ஒரு படநூல் உண்டா? தமிழ்வழிக் கல்விக்காக மேடையில் இரண்டு மணிநேரம் முழங்கிவிட்டு வீடு திரும்புவோர், தம் பேரனுக்கு இரண்டு பக்கம் படித்துக் காட்டியதுண்டா? குழந்தை ‘மம்மி’ என்று அழைத்தவுடன் சினந்து திருத்துவோர், அதன் காதில் நாள்தோறும் எத்துணை நல்ல தமிழ்த்தொடர்களை இட்டனர்? தனித்தமிழ் என்பது தடுத்துத் திருத்துவதால் வளர்வதன்று; ஊட்டி வளர்ப்பதால் வளர்வது. ஊட்டாத தாய் பிள்ளை இளைத்ததென்று வருந்திப் பயனில்லை. பெருஞ்சித்திரனார் தென்மொழி நடத்திய கையாலேயே சிறுவர்க்கெனத் தமிழ்ச்சிட்டு இதழையும் நடத்தினார் என்பதை அவர் வழி நிற்போர் மறத்தல் ஆகாது.

மற்றொரு குறையும் உண்டு. தூய தமிழில் எழுதப்பெறும் சிறுவர் நூல்கள் பல, சிறுவர்க்கு எழுதப்பெற்றவையாய் இல்லை. சிறுவரைக் கருவியாக்கிப் பெரியோர்க்கு எழுதப்பெற்றவையாய் உள்ளன. ஆறு சொல்லில் சொல்லவேண்டியதை இருபது சொல்லில் சொல்லி, அவற்றுள் ஐந்தை அகரமுதலியில் தேடவைத்தால் எக்குழந்தை கேட்கும்? நரியும் காக்கையும் நாயும் நிலவும் தனித்தமிழே. அம்மா, ஆடு, இலை, ஈ என்பனவும் தனித்தமிழே. எளிய சொற்கள் அனைத்தும் ஏற்கெனவே தூயனவாயிருக்க, கடுஞ்சொல்லைத் தேடி அலைவதேன்? நல்ல கதையும் நல்ல படமும் சந்தமும் நகைச்சுவையும் உடைய நூல்களே முதற்றேவை. எழுத வல்லார் இத்துறைக்கு வருதல் வேண்டும்.

எழுத்தறியாத தாய் என்ன செய்வாள் என்று சிலர் வினவுவர். படநூலை விரித்துப் படத்தைச் சுட்டித் தன் சொல்லால் கதை கூறலாம். அதுவும் பயன் தருவதே. நான்காம் வகுப்பிற் பயிலும் மூத்த பிள்ளையைப் படிக்கச் செய்யலாம். தாய் திண்ணையில் அமர்ந்து பூத்தொடுக்க, அக்காள் படிக்க, தம்பி கேட்க, மூவருக்கும் பயன் உண்டு. படிக்கின்ற பிள்ளையின் நாவும் அதனால் திருந்தும். நேரமில்லை என்போரும் உளர். தேவைப்படுவது உறங்குமுன் பதினைந்து நிமையம். தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் இடைவிளம்பரங்கள் தின்னும் நேரம். நூல் வாங்கப் பொருளில்லை என்போர்க்கு ஊர்ப்புற நூலகம் உண்டு. ஒரே நூலைப் பத்து வீடுகள் கைம்மாற்றிப் படிக்கலாம். ஒரே கதையை நாற்பது முறை கேட்பதில் பெரியோர்க்கே சலிப்பு, குழந்தைக்கு அன்று. நாற்பதாம் முறையில்தான் அது தானே படிப்பதுபோல் பக்கம் புரட்டத் தொடங்கும்.

படித்துக் காட்டுவோர் சிலவற்றை உளங்கொள்ளல் நன்று. நூலில் உள்ளதை உள்ளவாறே படித்தல் வேண்டும். ‘வந்தார்கள்’ என்றிருப்பதை ‘வந்தாய்ங்க’ என்று மாற்றிப் படித்தால் செவிக்கு ஏட்டுத்தமிழ் எட்டாது. விளங்காதவிடத்து நிறுத்தி வீட்டு வழக்கில் விளக்கம் கூறலாம். இரண்டு தமிழுக்கும் அவ்வாறே பாலம் அமையும். சொல்லின்மேல் விரலோட்டிப் படித்தால், ஒலியும் வடிவும் ஒன்றென்பதைக் குழந்தை தானே உணரும். தேர்வு வைத்தலும், ஒப்பிக்கச் செய்தலும், பிழைக்கு வைதலும் கூடவே கூடா. மடி பள்ளியாகிவிட்டால் குழந்தை மடியை விட்டு இறங்கிவிடும். படித்துக் காட்டுதல் ஒன்றாலேயே எழுத்து வந்துவிடும் என்று எண்ணுதலும் பிழை. எழுத்தைப் பள்ளி கற்பிக்கத்தான் வேண்டும். கற்கும் எழுத்து எம்மொழிக்கு உரியதோ அம்மொழியைக் குழந்தையின் செவியில் முன்னரே குடியேற்றுவதே வீட்டின் கடன்.

தமிழ் மன்றங்கள் இதனை ஓர் இயக்கமாகவே மேற்கொள்ளலாம். கூட்டம் நடத்தும் மன்றம் ஒவ்வொன்றும் கிழமைக்கு ஒரு மாலை, கோயில் முற்றத்திலோ கண்மாய்க் கரை மரத்தடியிலோ தெருத் திண்ணையிலோ, ஐந்தகவைக்கு உட்பட்ட குழந்தைகளையும் தாய்மாரையும் கூட்டி ஒருமணிநேரம் படித்துக் காட்டட்டும். இதற்கு ஒலிபெருக்கி வேண்டா; மாலை, துண்டு வேண்டா; தலைவர் வேண்டா. நன்கு ஒலிக்கும் ஒரு குரலும், நல்ல நூல்கள் பத்தும் போதும். மணவிழாவிற்கும் பெயர்சூட்டு விழாவிற்கும் செல்வோர் வெள்ளிக் கிண்ணத்தோடு ஒரு தமிழ்ப் படநூலையும் அளிக்கட்டும். இவை சிறு செயல்கள். ஆனால் இந்தி எதிர்ப்புப் போரில் உயிர்நீத்த ஈகியர் காத்துத் தந்த மொழியை, அடுத்த தலைமுறையின் நாவில் நிலைநிறுத்தும் செயல்கள் இவையே. படிக்கத் தெரிந்த வாய் இல்லாவிடத்து, காத்த மொழியும் கல்வெட்டில் மட்டுமே கிடக்கும்.

பரங்குன்றத்துக் குகை எழுத்துகளை இன்று ஆய்வாளர் மட்டுமே படிக்கவியலும். அடிவாரத்துப் பள்ளிச் சிறுவன் தன் பாடநூலையும் அவ்வாறே கல்வெட்டைப் பார்ப்பதுபோல் பார்த்து நிற்கும் நிலை நீங்கவேண்டும். அதற்கு ஆணை வேண்டா, அறிக்கை வேண்டா. இன்றிரவு ஒரு குழந்தை மடியில் அமரட்டும். ஒரு நூல் விரியட்டும். ஒரு குரல் ஒலிக்கட்டும். சுட்டும் விரலுக்கு விடை சொல்லத் தமிழர் எவரும் சலியாதிருப்பாராக!